லீவில் வந்தவர்

மீமிசலை விட்டு வடக்கே நடந்துகொண்டிருந்தேன். அங்கே மீன் இறங்கும் இடத்தில் பார்த்துக்கொண்டிருந்த ஐஸ் உடைக்கிற வேலையை விட்டுவிட்டேன். யாரோடும் சண்டை இல்லை. உப்புத் தண்ணீரில் விரல் இடுக்கெல்லாம் புண்ணாகிப் போயிருந்தது. அதைவிட, ஒரே கடலை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? வழியில் ஒரு மீன் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு அறந்தாங்கியில் இறக்கிவிட்டார். அங்கிருந்து புதுக்கோட்டை பஸ். புதுக்கோட்டையில் இறங்கி அப்படியே திருச்சிப் பக்கம் போய்விடுவது என்றுதான் நினைத்திருந்தேன். திருவரங்குளம் வந்தபோது பசித்தது. அக்கா வீடு அங்கேதான் என்பதால் இறங்கிவிட்டேன்.

வாசலில் தகரக் கொட்டகையின் நிழலில் மூன்று பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மச்சான். அவருக்கு எதிரே கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண், மடியில் டேப்லெட். யார் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்கும் சர்க்கார் கணக்குக்காக வந்தவள். மூன்றாவது ஆள், அக்கா மகளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையின் அம்மா. பூ வைக்க எந்த நாள் வருவது என்று கேட்க வந்தவர், கணக்கு எடுப்பதைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"வந்துட்டியா? இந்தத் தடவ எங்கிட்டு இருந்து?" என்றாள் அக்கா.

"மீமிசல்."

"அதான் வாடை உனக்கு முன்னாடியே வந்துருச்சு. போயி கையக் கழுவு."

கணக்குக்காரப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இவரும் இந்த வீட்டுலதான் இருக்காரா?"

"இவனா? இவன் எந்த வீட்டுலயும் இருக்க மாட்டாம்மா. சோறு திங்க வந்திருக்கான்."

மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார். "நல்ல தம்பிதான் சம்பந்தி உங்களுக்கு!"

"அப்ப இவரை இங்க சேக்க முடியாதுங்க," என்றாள் அந்தப் பெண்.

"என்னைய எங்கதாங்க சேப்பீங்க?" என்று கேட்டேன்.

"நீங்க வழக்கமா இருக்குற வீட்டுல."

தட்டை வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தேன்.

"சார், போன ஏழு நாள்ல ஒரு மணி நேரமாச்சும் ஏதாவது வேலை பாத்தீங்களா?"

"நான் லீவுல வந்திருக்கேம்மா," என்றார் மச்சான்.

மச்சான் வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டியவர். போன மழைக்காலத்தில் வந்தார். பொங்கலுக்கு நான் வந்தபோதும் லீவில்தான் இருந்தார். இப்போது மாங்காய் சீசனும் முடியப் போகிறது. கம்பெனியை மூடி எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அக்கா எனக்கு மட்டும் போனில் சொல்லியிருந்தாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் அவள் சொல்லி வைத்திருந்தது லீவு என்றுதான். கல்யாணம் முடிகிற வரைக்கும் அதைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று இருந்தாள்.

லீவு என்றதும் அந்தப் பெண் அடுத்த ஆளுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் போகவில்லை.

"சம்பளம் வந்துக்கிட்டு இருக்கா சார்?"

மச்சான் வாசலில் நின்ற எலுமிச்சை மரத்தைப் பார்த்தார்.

"திரும்ப எப்ப போறீங்க?"

"கூப்புடுவாங்க."

"எப்பன்னு சொல்லியிருக்காங்களா? கோவிச்சுக்காதீங்க. லீவுன்னா திரும்பிப் போறதுக்கு வேலை இருக்கணும். இல்லைன்னா வேலையில இருக்கார்னு போட முடியாது. இது நான் வச்ச சட்டம் இல்லைங்க. எல்லா நாட்டுலயும் ஒண்ணுபோலக் கேக்கணும்னு பேசி வச்சிருக்காங்க. அப்பத்தான் நம்ம கணக்க மத்த நாட்டுக் கணக்கோட சேத்து வச்சுப் பாக்க முடியும்."

மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் காது கொடுப்பது கணக்குக்காரப் பெண்ணுக்குப் புரிந்திருக்க வேண்டும். "அம்மா, நீங்க கொஞ்சம் அங்கிட்டு இருக்கீங்களா? வீட்டாளுங்கள வச்சுத்தான் இதக் கேக்கணும்."

குழம்பு ஊற்ற வந்த அக்காவின் கை அப்படியே நின்றது. இந்த இடத்தில் அந்த அம்மாவை எழுப்பி அனுப்பினால் அதுவே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

"அவங்க இருக்கட்டும்மா," என்றார் மச்சான். உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். "லீவெல்லாம் இல்ல. கம்பெனிய மூடிட்டான்."

"அப்புறம் வேற வேலை தேடுனீங்களா சார்?"

"எப்புடிம்மா தேடுறது? தேடுனா லீவு இல்லைன்னு ஊருக்குத் தெரிஞ்சு போகும்ல?"

அவள் திரையைப் பார்த்துத் தயங்கினாள். "தேடலைன்னா, வேலையில்லாதவர்னும் போட முடியாதுங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "வாங்க மச்சான், நீங்களும் எதுலயும் சேராத நம்ம கட்சிதான்."

"வாய மூடிக்கிட்டுத் தின்னுடா," என்றாள் அக்கா.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினார். மச்சானைப் பார்க்காமல் கணக்குக்காரப் பெண்ணிடம், "நாளைக்கே ஒரு வேலை குடுத்தா வருவாரான்னு கேளும்மா," என்றார்.

"அடுத்த கேள்வியே அதுதாங்க. வருவீங்களா சார்?"

"வருவேன்."

"வாரேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த அம்மா கிளம்பினார். வந்ததிலிருந்து வாய்க்கு வாய் சம்பந்தி என்றவர், போகும்போது அந்தச் சொல்லை எடுக்கவில்லை. அவருக்குப் போட்ட காபி ஆறிக் கிடந்தது.

எதற்காவது காத்திருக்கும் வீட்டில் என்னால் இருக்க முடியாது. சாயங்காலமே பையை எடுத்தேன். "நீ பாட்டுக்குக் கெளம்பிருவ. நான் இந்த ஊருலதான இருக்கணும்," என்றாள் அக்கா. பையைக் கீழே வைத்தேன்.

விடிந்தும் விடியாமலும் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அப்பா. தைல மரம் வெட்டும் கான்ட்ராக்ட் எடுப்பவர். வண்டியை விட்டு இறங்காமலே கத்தினார்:

"சம்பந்தி! டிராக்டருக்கு டிரைவர் வரல. ஏறுங்க, போவோம்!"

மச்சான் சட்டைப் பொத்தானைத் தாறுமாறாகப் போட்டுக்கொண்டு ஓடினார். அக்கா கதவை விட்டு வெளியே வரவில்லை. கதவுக்குப் பின்னால் அவள் மூக்கைச் சிந்துவது மட்டும் கேட்டது.

விடிந்ததும் கிளம்பிவிடலாம் என்று நான் தோளில் மாட்டியிருந்த பையை மாப்பிள்ளையின் அப்பா பார்த்தார். "இவரு எங்கிட்டுப் போறாரு?"

"அது அவனுக்கே தெரியாது," என்றார் மச்சான்.

"ஏம்ப்பா, பட்டை உரிக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"தெரிஞ்சவனெல்லாம் வேற காட்டுக்குப் போயிட்டான். பின்னாடியே நடந்து வா."

காட்டுக்குப் போய்ப் பையை ஒரு கிளையில் மாட்டிவிட்டு, வெட்டிப் போட்ட தைல மரங்களுக்குப் பட்டை உரிக்க உட்கார்ந்தேன். பச்சைப் பட்டை நீளநீளமாகக் கழன்று வந்தது. அதன் சாறு விரல் புண்ணில் பட்டு எரிந்தது. ஒரு மணி நேரத்துக்குள் மீன் வாடை போய்க் கையெல்லாம் தைல வாடை. காட்டின் அந்தப் பக்கம் மச்சான் டிராக்டரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த மரத்தைப் புரட்டினேன்.