கடைசியாக உள்ளே ஏறியவன்

வல்லம் வடகாலில் எங்கள் கம்பெனி தென்துருவ ஆய்வு முகாமுக்கு ஒரு கேபின் செய்தது. அதில் நம்மூர் விதை ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர். இடுக்குகளையெல்லாம் பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்து, உதிர்ந்ததைக் கவரில் போட்டு, எடுத்த இடத்தை மேலே எழுதினார்.

"பனியில புல்லுலாம் மொளைக்குமா சார்?"

"மொளைச்சிடுச்சு. வருசா வருசம் புடுங்கறோம், மறுபடி வருது."

"அப்புறம் இன்னாத்துக்கு சார் இவ்ளோ பாடு?"

"எது வழியா போச்சுன்னாவது தெரியணும்ல."

டீ குடித்துவிட்டுப் புதர் வழியாக வந்த நான், கேபினைக் கட்டியிருந்த பெல்ட்டின் இறுக்கம் பார்க்க, அதை ஏற்றியிருந்த கன்டெய்னருக்குள் ஏறி இறங்கினேன். சீல் வைத்து லாரி கிளம்பியது. அப்போதுதான் அவர் என் பேன்ட்டைக் கவனித்தார். ஓரமெல்லாம் நாயுருவி விதை.

"சீலை இனி உடைக்க முடியாது" என்றார். ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கவரில் போட்டு, என் பெயரைக் கேட்டு நிதானமாக எழுதினார்.

இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம் அந்த மனிதர்.