திருவண்ணாமலையில் காலி வீடு

வீட்டுப் புரோக்கரை வீடு கிடைக்கிற வரைக்கும் தேடுவார்கள். கிடைத்த மறுநாளிலிருந்து திட்டுவார்கள். வாடகை வீடு தேடி அலைந்த உங்களுக்கு இது தெரியாததா?

1989-இல் எங்கள் ஊர் தனி மாவட்டமானது. வேலூரிலிருந்து ஆபீஸ்காரர்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினார்கள். நான் அப்போது தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தேன். ஜாக்கெட் தைக்க வந்தவர்களெல்லாம், "அக்கா, பக்கத்துல காலி வீடு இருக்கா?" என்று கேட்டுக் கேட்டே என்னைப் புரோக்கர் ஆக்கிவிட்டார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்

வேங்கிக்காலில் இப்போது பேக்கரிக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் சிக்கியிருக்கும் ஒரு வீடு, அன்றைக்குக் கடலைக் கொல்லை நடுவில் தன்னந்தனியாக நின்றது. ஒரு கிளார்க்கையும் அவர் மனைவியையும் கூட்டிப் போனேன். காற்று, வெளிச்சம், சமையல்கட்டு ஜன்னலில் மலை தரிசனம் என்று அளந்துவிட்டேன். "பக்கத்துல யாருங்க இருக்காங்க?" என்று அந்தம்மா கேட்டார். "இனிமேதாங்க வருவாங்க" என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய உடும்பு, வீட்டு ஓனர் மாதிரி நிதானமாகக் கொல்லைப்புறத்தைக் கடந்து போனது. அந்தம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "இவரு மட்டும் முன்னாடியே வந்துட்டாரு போல."

நீங்க எந்த ஊரு?

தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் நீளமான கூடம் வைத்த பழைய வீடு. சுவர் முழுக்க வரிசையாகக் கொக்கிகள். எதற்கென்று நானும் கேட்கவில்லை, சென்னையில் இருந்த ஓனரும் சொல்லவில்லை. டிரெஷரியில் வேலை பார்த்த ரேவதிக்கு அதைப் பிடித்துக் கொடுத்தேன். கணவர் மிலிட்டரி, அவளும் குழந்தையும்தான்.

கார்த்திகை தீபத்தன்று காலையில் ரேவதி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "அக்கா, பால் வாங்கப் போயிட்டு வர்றதுக்குள்ள வீடு பூரா ஆளுங்க!" போய்ப் பார்த்தேன். கூடம் கொள்ளாத கூட்டம். பாய் விரித்தாகிவிட்டது. கொக்கிகளில் பைகள் தொங்கின. நடுவில் ஒரு அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். அந்த வீடு ஒரு காலத்தில் சத்திரமாம். அது வாடகை வீடானதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வெளியே தெருவில் கால் வைக்க இடமில்லை. குழந்தைகளோடு எங்கே போகச் சொல்வது? ரேவதி காலி செய்துவிட்டால் என் பேர் கெட்டுவிடும். வெங்காயக்கார அம்மா ரேவதியை நிமிர்ந்து பார்த்து, "நாங்க மாமனார் காலத்துலேர்ந்து இங்கதான் தங்குறோம். நீ எந்த ஊரும்மா, மொத தடவையா?" என்றார். ரேவதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அன்று மதியம் எங்கள் இரண்டு பேருக்கும் அங்கேதான் சாப்பாடு.

அடுத்த தீபத்துக்கு முன்ஜாக்கிரதையாக ஒரு பெரிய பூட்டோடு போனேன். ரேவதி கூடத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். "பூட்டெல்லாம் வேணாங்கா. அருவாமனைதான் ஒண்ணு கம்மியா இருக்கு, உங்க வீட்டுலேர்ந்து குடுங்க."

நிசப்தம்

இரண்டாயிரமாவது வருஷத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் வீடு கேட்டு வந்தார்கள். ஒருவருக்குச் சத்தமே கூடாது. அடி அண்ணாமலையில் ஒரு வீடு காட்டினேன். அமாவாசை முடிந்த சமயம். ஈ காக்கை இல்லை. சந்தோஷமாகக் குடி வந்தார். பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டம் மொத்தமும் அவர் வாசல் வழியாகத்தான் போனது, பீப்பீ ஊதியபடி.

மறுநாள் சிவந்த கண்ணோடு வந்தவரை ஓனரிடம் கூட்டிப் போனேன். ஓனர் மாட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "வீட்டுக்குள்ள சத்தம் இல்லதானே? ரோட்டுல போறவங்க அண்ணாமலையாரோட கெஸ்டு, அவரைத்தான் கேக்கணும்."

என் வீடு

நானும் வாடகை வீடுதான். ஒரு நாள் சோற்றில் கை வைத்த நேரம், ஒரு புதுப் புரோக்கர் புருஷன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். வீட்டை வேறு ஆளுக்கு விடப்போவதை ஓனர் அவரிடம் சொல்லிவிட்டார், என்னிடம் சொல்லவில்லை. ஓதம் ஏறிய சுவரை முதுகால் மறைத்தபடி அவர் என் வீட்டைப் புகழ்ந்த புகழ்ச்சியில், எனக்கே அதை வாடகைக்கு எடுக்கலாமா என்று தோன்றியது.

அந்தப் பெண் எல்லாம் பார்த்து முடித்து, கடைசியில் என்னைக் காட்டிக் கேட்டாள்: "இந்தம்மாவும் வீட்டோட சேர்த்தியா?"

ஊருக்கெல்லாம் வீடு பிடித்துக் கொடுத்த நான் எனக்கென்று ஒன்று தேடக் கிளம்பினபோதுதான் தெரிந்தது, எல்லா வீட்டு வண்டவாளமும் தெரிந்தவளுக்கு எந்த வீடும் பிடிக்காது என்று.