பழைய டிவியின் விசில்

அந்த டிவியில் எனக்குத் தேவைப்பட்டது ஸ்பீக்கர் மட்டும்தான். மற்றதையெல்லாம் வெள்ளிக்கிழமை வரும் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிடலாம் என்று என் மாமியார் சொல்லியிருந்தார். மரப்பெட்டி, முன்னால் இருபக்கமும் இழுத்து மூடும் ஷட்டர், கறுப்பு வெள்ளைப் படம். என் கணவர் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் வாங்கியதாம். பல வருடங்களாகப் பரண்மேல் கிடந்தது. அத்தைக்கு அதன்மேல் பாசம் ஒன்றும் இல்லை.

"பல்லி முட்டை வெக்கறதுக்குன்னே ஒரு வூடு கட்டிக் குடுத்தாப்ல இருக்குது. தூக்கிப் போடும்மா."

"ஸ்பீக்கர மட்டும் கழட்டிக்கறனுங்க அத்தே."

"அத வெச்சு என்னா பண்ணப் போற? மாரியம்மன் பண்டிகைக்கு பாட்டுப் போடப் போறியா?"

நான் சிரித்து வைத்தேன். உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை.

என் மகளுக்கு அப்போது ஒரு வயது எட்டு மாதம். தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் கேட்ட ஒரே கேள்விதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். "கூப்பிட்டா திரும்பிப் பாக்கறாளாம்மா?" பார்க்கிறாள் என்று உடனே சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். பார்க்கிறாளா? நான் எதிரில் போய் நின்றால் பார்க்கிறாள். முதுகுக்குப் பின்னால் இருந்து கூப்பிட்டால்? அவள் இன்னும் "அம்மா" சொல்லவில்லை. எதையுமே சொல்லவில்லை. அடுத்த வாரம் நானே திரும்பிப் போய் நர்ஸிடம் முதலில் சொன்னது தப்பு என்றேன். தருமபுரியில் காது பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே குறித்துக் கொடுத்த நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. கணவரிடம் மட்டும் சொல்லி, அன்றைக்கு லீவு கேட்கச் சொன்னேன்.

அந்தப் பன்னிரண்டு நாளை எப்படிக் கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் நின்று தட்டத்தைத் தட்டுவேன். அவள் திரும்பினால், என் கை வீசிய காற்று பட்டிருக்குமோ என்று தோன்றும். திரும்பாவிட்டால், விளையாட்டில் மூழ்கியிருக்கிறாள் என்று தோன்றும். ஒருமுறை கை தட்டியபோது திரும்பினாள், ஆனால் சுவரில் என் நிழல் விழுந்திருந்தது. காற்றும் நிழலும் இல்லாமல் ஒரு சத்தம் எனக்கு வேண்டும். அப்போதுதான் பரண் நினைவுக்கு வந்தது. ஸ்பீக்கரின் இரண்டு ஒயரில் ஒரு பேட்டரியைத் தொட்டு எடுத்தால் "டொக்" என்று ஒரு சத்தம் வரும். நல்ல ஸ்பீக்கரா என்று பார்க்க ரேடியோ கடையில் அப்படித்தான் செய்வார்கள். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள். நீளமாக ஒயர் இழுத்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு பேட்டரியைத் தொட்டால் போதும். நான் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை டிவியை இறக்கி நடுவீட்டில் வைத்தேன். பாப்பாவை வாசல் நடைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்து, நான்கு எவர்சில்வர் டம்ளர்களைக் கொடுத்து, அத்தையைக் காவல் வைத்தேன். பின்பக்க மூடியைக் கழற்றினால் உள்ளே தூசி மெத்தை போலப் படிந்திருந்தது. பல்லி முட்டை ஏழு. ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர் ஒன்று அறுந்து தொங்கியது.

பிரிப்பதற்கு முன்னால் ஒரு தடவை கரண்டு கொடுத்துப் பார்ப்பது லேபில் பழகிய வழக்கம். எதற்கு உயிர் இருக்கிறது என்று தெரிந்தால்தான் எதைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம் என்று தெரியும். பழைய டிவியை நேராகச் சொருகப் பயமாக இருந்ததால் நடுவில் ஒரு குண்டு பல்பைக் கோத்து முதலில் பார்த்தேன். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கியது. அப்படியென்றால் உள்ளே ஷார்ட் இல்லை. பிறகு நேராகவே போட்டேன்.

படம் வரவில்லை. பிக்சர் டியூபின் கழுத்தில் சிவப்பு வெளிச்சம்கூட இல்லை. ஸ்பீக்கர் ஒயர் அறுந்திருந்ததால் சத்தமும் இல்லை.

"செத்துப் போச்சா?" என்றார் அத்தை.

எனக்குக் கேட்டது. மிக மெல்லிய விசில், ஊசியை இழுத்துக்கொண்டே போகிற மாதிரி. பழைய டிவிக்கெல்லாம் அது உண்டு. உள்ளே உயர் அழுத்தம் உண்டாக்கும் டிரான்ஸ்பார்மர் போடும் சத்தம். சிறுவயதில் தெருவில் போகும்போதே எந்த வீட்டில் டிவி ஓடுகிறது என்று அதை வைத்துச் சொல்வேன். வயது ஏற ஏற அது காதுக்கு எட்டாமல் போய்விடும்.

அந்தப் பக்கம் டம்ளர் சத்தம் நின்றிருந்தது.

பாப்பா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவள், திரும்பியிருந்தாள். முகத்தைச் சுளித்து, ஒரு கையைக் காதோரம் வைத்துக்கொண்டு, டிவியையே பார்த்தாள்.

"அத்தே, எதுனா சத்தம் கேக்குதுங்களா?"

"என்னா சத்தம்? ஒண்ணுங் கேக்கலியே."

அணைத்தேன். பாப்பா எதையோ தொலைத்தவள் போல அங்குமிங்கும் பார்த்துவிட்டு டம்ளருக்குத் திரும்பினாள். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி போட்டேன். திரும்பினாள். ஸ்விட்சின் "டிக்" சத்தமாக இருக்குமோ? தூசி சூடாகி வரும் வாசனையோ? அத்தையைக் கூப்பிட்டு டிவியின் ஸ்விட்சையும் பிளக்கையும் காட்டினேன்.

"சும்மா மூணு நாலு தடவ தட்டுங்க. பிளக்கு சொருகாமயே. அப்பறம் உங்களுக்குத் தோணறப்ப சொருகிப் போடுங்க. எனக்குத் தெரியக் கூடாது."

"என்னாடி இது, கண்ணாமூச்சி ஆட்டமா?"

ஆனாலும் செய்தார். வெறும் ஸ்விட்சுக்கு அவள் திரும்பவில்லை. விசில் வந்ததும், நான் உணர்வதற்கு முன்பே திரும்பினாள். அடுத்த நொடி டிவிக்குள் "பட்" என்று ஒரு வெடிப்பு, கருகின வாசனை. விசில் நின்றது. டிவி இப்போது நிஜமாகவே செத்துவிட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கி வைத்திருந்த எல்லாவற்றையும் அத்தையிடம் கொட்டிவிட்டேன். எதற்கு ஸ்பீக்கர், எதற்குத் தட்டம், அந்த விசில் என்ன. நான் ஒயரைச் சுருட்டுவதற்குள் அவர் ஓசூரில் வேலைக்குப் போயிருந்த மகனுக்குப் போன் போட்டுவிட்டார்.

"டேய், பாப்பாவுக்குக் காது கேக்குதுடா! எனக்கே கேக்காத சத்தம் அதுக்குக் கேக்குது. பாம்புக் காதுடா அதுக்கு!"

போன் என் கைக்கு வந்தபோது கணவரின் குரலில் எத்தனையோ நாள் கழித்து ஒரு தெளிச்சி. "அப்ப எதுக்கும்மா தருமபுரி? லீவு கேட்டா சூப்பர்வைசர் மூஞ்சியைத் தூக்கறாரு. வேணாம்னு சொல்லிடட்டுமா?"

"சரிங்க" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன அரைமணி நேரத்துக்குள் படித்தது நினைவுக்கு வந்தது. அந்த விசில் நொடிக்குப் பதினைந்தாயிரம் அதிர்வுக்கு மேல். மனிதர் பேசுவது அதற்கு எவ்வளவோ கீழே. என் குரல் கீழே, அவள் அப்பா குரல் இன்னும் கீழே. ஊசி கேட்கிறது என்பதால் உலக்கை கேட்கும் என்று யார் சொன்னது? சாயங்காலம் அத்தையிடம் அதைச் சொல்லிப் பார்த்தேன்.

"மெல்லுசு சத்தம் வேறங்க அத்தே, நாம பேசற சத்தம் வேற."

"இது என்னா கூத்து! கடுகு கண்ணுக்குத் தெரியுதாம், பூசணிக்கா தெரியாதாமா? நீ படிச்சதெல்லாம் ஒன்னய தூங்க வுடாம பண்றதுக்குத்தான்."

சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்தியவளே நான்தான்.

மறுநாள் ஸ்பீக்கரைக் கழற்றினேன். அதற்கு முன் டியூபில் தங்கியிருக்கும் கரண்டை இறக்க வேண்டும். ஸ்குரூடிரைவரில் ஒயரைச் சுற்றி மறுமுனையை இரும்புச் சட்டத்தில் கட்டி, ரப்பர் மூடிக்கடியில் நுழைத்தேன். "டப்" என்று ஒரு பொறி பறந்தது. சரியாக இறங்கியதா என்று இன்னும் மூன்று தடவை நுழைத்தேன். "ஊசி போடறியா அதுக்கு?" என்றார் அத்தை. சேனல் திருப்பும் குமிழ் கழன்று உருண்டதை பாப்பா எடுத்துக்கொண்டாள். அது அவள் வாய்க்குள் போகுமா என்று அளந்து பார்த்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டேன். அதற்கு அழுதாள். ஸ்பீக்கரின் காகிதத்தில் ஓர் ஓரத்தைக் கரப்பான் தின்றிருந்தது. அமுக்கினால் உள்ளே போய் வந்தது. போதும்.

தரை அதிர்ந்து அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று மடித்த போர்வைமேல் ஸ்பீக்கரை வைத்து, அவளுக்குப் பின்னால் ஆறடி தள்ளி மறைத்தேன். ஒயரை அடுப்படிக்கு இழுத்தேன். பாப்பாவுக்கு எதிரில் அத்தை. "நீங்க எதையும் காட்டிக்காதீங்க, முகத்துல கூட" என்று சொல்லியிருந்தேன்.

தொட்டேன். டொக்.

"திரும்புனாளாங்க?"

"இல்ல."

டொக். டொக். நடுவில் இடைவெளி விட்டு, அவள் கவனம் கலைந்திருக்கும் நேரமாகப் பார்த்து. பத்துத் தடவை. திரும்பியது இரண்டே தடவை. அதில் ஒன்று, அத்தை தும்மியபோது.

"இன்னொருக்கா வெய்யி" என்றார். வைத்தேன். அடுப்படிக்கு அவர் குரல் மெதுவாக வந்தது. "எனக்கு நல்லாக் கேக்குதேம்மா. டொக்கு டொக்குனு. எனக்கே கேக்குதே."

பிறகு தன் போனைத் தேடி எடுத்தார்.

"நீ லீவு போடு, போடாத போ. வர்ற புதன்கெழம நானும் ஒம் பொண்டாட்டியும் போறோம்."

வெள்ளிக்கிழமை சாமான்காரர் வந்தார். டியூபின் கழுத்துப் பக்கம் ஜாக்கிரதை என்று நான் மூன்றாம் முறை சொன்னதும், "ஏம்மா, கொழந்தையத் தூக்கறாப்லயே தூக்கறேன், போதுமா?" என்றார். ஷட்டர் பலகைகளை மட்டும் நிறுத்திக்கொண்டேன். அடுப்படி வாசலில் பாப்பா நுழையாமல் இருக்கத் தடுப்பு.

புதன்கிழமை காரிமங்கலத்தில் பஸ் ஏறினோம். ஜன்னலோரம் வேண்டும் என்று அத்தை யாரிடமும் சண்டை போடாதது அன்றுதான். பரிசோதனை அறை சிறியது, இரண்டு பக்கமும் ஒரு பெட்டி. மடியில் பாப்பாவை வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கச் சொன்னார்கள். மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன். விசில் மாதிரி மெல்லிய சத்தத்துக்குத் திரும்பினாள். ஆண் குரல் மாதிரித் தடித்த சத்தத்துக்குத் திரும்பவில்லை, நிறைய ஏற்றிய பிறகுதான் திரும்பினாள். பிறகு காதில் சின்ன அடைப்பான் மாதிரி ஒன்றை வைத்து எடுத்தார்கள். செவிப்பறைக்குப் பின்னால் இரண்டு காதிலும் நீர் கோத்திருக்கிறது, நரம்பில் கோளாறு இருப்பதாக இப்போதைக்குத் தெரியவில்லை, ஆறு வாரம் கழித்து மறுபடி வாருங்கள் என்றார் அங்கிருந்த அம்மா.

"வத்திருங்களா மேடம்?"

"பெரும்பாலும் வத்திடும்மா. பக்கத்துல போய், முகத்தப் பாத்துப் பேசுங்க."

டிவியைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. குழந்தையை வைத்துக்கொண்டு எதற்கு அதைத் திறந்தீர்கள் என்று கேட்டுவிடுவாரோ என்று பயம். "பெரும்பாலும்" என்ற சொல்லை மட்டும் பத்திரமாக வீடுவரை கொண்டுவந்தேன். அன்றிலிருந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இது நான்காவது வாரம். மெல்லிய சத்தம்தான் எட்டுகிறது என்று தெரிந்ததிலிருந்து அத்தை குரலை மேலே ஏற்றிக்கொண்டுதான் பாப்பாவைக் கூப்பிடுகிறார். பக்கத்து வீட்டு அக்கா நேற்று எட்டிப் பார்த்து, "வூட்டுல எலி பூந்துக்கிச்சாங்க?" என்று கேட்டார். அத்தை கூப்பிட்டதற்குப் பாப்பா திரும்பினாள். ஆனால் அத்தையின் கையில் முறுக்கு இருந்தது.

ஸ்பீக்கர் கட்டிலுக்கடியில் இருக்கிறது. தினமும் வைத்துப் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். முந்தாநாள் பத்தில் நான்கு. இன்று காலை மூன்று. பேட்டரி தீர்ந்து வருகிறதோ, சத்தம் குறைந்திருக்குமோ என்று அடுப்படியில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பக்கமிருந்து அத்தையின் குரல் வந்தது.

"புது பேட்டரி போட்டு இன்னொருக்கா வெய்யி. நான் மூச்சு வுடாம இருக்கறேன்."