ஐந்து புள்ளி முன்னிலை

எங்கள் வீட்டில் சண்டை இல்லாத ஞாயிற்றுக்கிழமை மதியம் கிடையாது. சண்டை போடுகிறவர்கள் அப்பாவும் மாமாவும். மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா வந்து, பிளானோவில் எங்கள் அபார்ட்மென்டின் சின்ன அறையில் இரண்டு வருடமாகத் தங்கியிருந்தார். அப்பாவும் மாமாவும் ஈரோட்டுப் பக்கத்துக்காரர்கள். இரண்டு பேருக்கும் சாப்பாட்டில் ஒரே ருசி, அரசியலில் ஒரே கட்சி, குறட்டைகூட ஒரே மாதிரிதான். டிவியில் ஃபுட்பால் வந்தால் மட்டும் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வார்கள்.

பெயர்தான் ஃபுட்பால், காலுக்கு அதில் அதிக வேலை இல்லை. பந்து கையில் இருக்கிற அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து கஜம் முன்னேறினால் இன்னும் நான்கு கிடைக்கும். பந்தை அணைத்துக்கொண்டு ஓடலாம், அல்லது தூரத்தில் ஓடுகிறவனுக்கு எறியலாம். ஓடினால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகரும், ஆனால் பந்து பத்திரம், கடிகாரமும் நிற்காமல் ஓடும். எறிந்தால் ஒரேயடியாக முன்னேறலாம். நடுவில் எதிராளி பிடித்துவிட்டால் போச்சு.

எங்கள் ஊர் அணி முன்னிலையில் இருந்து, ஆட்டம் முடிய நாலைந்து நிமிடம் இருக்கும்போது சண்டை தொடங்கும். ஜெயித்துக்கொண்டுதானே இருக்கிறோம், எதற்கு எறிய வேண்டும், பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கழிக்க வேண்டியதுதானே என்பது அப்பாவின் கட்சி. கிடைத்ததைக் காப்பாற்ற உட்காருகிறவனைத்தான் எதிராளி வந்து பிடிப்பான், இன்னும் ஒரு தடவை அடித்துவிட்டால் பேச்சே இல்லை என்பது மாமாவின் கட்சி. கடைசி நிமிடத்தில், முன்னால் இருக்கிற அணிக்காரன் பந்தை வாங்கி அப்படியே ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றுவான். கடிகாரம் ஓடித் தீர்ந்துவிடும். அப்பாவுக்கு அந்த விளையாட்டிலேயே பிடித்த காட்சி அதுதான். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்தியில், பஜ்ஜித் தட்டோடு வந்த அம்மா, டிவியில் இருக்கிற ஆட்டக்காரன் சாமி கும்பிடுகிறானா என்று கேட்டுவிட்டார். கேட்டதில் தப்பே இல்லை.

இரண்டாயிரமாவது வருடம் எனக்குப் பத்து வயது. தமிழில் கேட்டு இங்கிலீஷில் பதில் சொல்கிற பிள்ளை. அந்த வருடம் மாமா என்னை நகராட்சிப் பிள்ளைகள் ஃபுட்பால் அணியில் சேர்த்துவிட்டார். யாரும் யாரையும் இடித்துத் தள்ளாத விளையாட்டு அது. இடுப்பு பெல்ட்டில் இரண்டு துணிப்பட்டைகள் தொங்கும், பந்து வைத்திருக்கிறவரின் பட்டையை உருவிவிட்டால் ஆள் அவுட். கபடி மாதிரிதான், ஆனால் தொடவே வேண்டாம் என்று அம்மாவிடம் புளுகி மாமா அனுமதி வாங்கினார். வெயிலில் கறுத்துப் போவாளே என்பது அம்மாவின் ஒரே கவலை. நான் ஏற்கெனவே நல்ல கறுப்பு.

எனக்கு ஓடத் தெரியும். அது ஒன்றுதான் தெரியும். நெஞ்சுக்கு நேராக ஒரு பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். அதனால் கோச் என்னிடம் பந்தைக் கையில் திணித்து ஓடவிடுவாரே தவிர, என்னை நோக்கி யாரையும் எறியவிட மாட்டார். மாமா அவருக்கு உதவியாள். தண்ணீர் பாட்டில் தூக்குவது, பட்டை கட்டிவிடுவது, யாருக்கும் புரியாத உச்சரிப்பில் உற்சாகப்படுத்துவது எல்லாம் அவர் பொறுப்பு.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை கடைசி ஆட்டம். அன்று கோச்சுக்குக் காய்ச்சல், அணி மாமா கைக்கு வந்தது. அப்பா அதுவரை ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. அன்று அம்மா அவரைக் கிளப்பிக் கூட்டிவந்தார், புது வீடியோ கேமராவும் வந்தது. அந்த கேசட் இன்றும் என்னிடம் இருக்கிறது. ஆட்டம் முழுக்க அதில் அப்பாவின் மூச்சுச் சத்தம்தான் கேட்கும்.

நாங்கள் ஐந்து புள்ளி முன்னிலையில் இருந்தோம். இரண்டு நிமிடம் பாக்கி, பந்து எங்களிடம். இரண்டு முறை என்னிடம் பந்தைக் கொடுத்து ஓடவிட்டார்கள், அதிகம் நகரவில்லை. மூன்றாவது முயற்சிக்கு முன்னால் மாமா ஆட்டத்தை நிறுத்தி எங்களைக் கூப்பிட்டார். கேசட்டில் அந்த இடத்தில் அப்பாவின் குரல் மெதுவாக வருகிறது. "கையில வெச்சுக்கங்க மாப்பிள்ளை. வெச்சுக்கங்க." மாமாவுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு, தனக்குத்தானே சொல்கிறார்.

மாமா என் தோளைப் பிடித்து, நீ ஓடு, பந்து உன்னிடம் வரும், ஒருத்தனும் எதிர்பார்க்க மாட்டான் என்றார். எனக்குப் பிடிக்கத் தெரியாதே என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஓடினேன். அவர் சொன்னபடியே என்னைச் சுற்றி ஆளே இல்லை. அந்தப் பந்து, சத்தியமாகச் சொல்கிறேன், மடியில் குழந்தையை வைப்பது போல என் இரண்டு கைக்குள் வந்து இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பந்து விரலில் பட்டு எகிறியது, பின்னாலேயே ஓடிவந்த ஒரு செம்பட்டை முடிப் பையன் அதைப் பிடித்து, எங்கள் எல்லைவரை யாரிடமும் சிக்காமல் ஓடிவிட்டான். அவர்களுக்கு ஆறு புள்ளி. ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். கேசட்டில் அதற்கப்புறம் அப்பாவின் ஷூவும் புல்லும்தான் இருக்கின்றன.

யாரும் என்னைத் திட்டவில்லை. இன்னொரு பிள்ளையின் அம்மா மாமாவிடம் வந்து, பிள்ளை பந்தைக் கொண்டு ஓடியிருந்தாலே போதுமே என்று மட்டும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். அது என்னைத் திட்டுவதைவிட மோசமாக இருந்தது. பந்தை விட்டது நான், பேச்சு வாங்கியது மாமா. அப்பா மளிகைக் கடைக்குப் போக வேண்டும் என்று அம்மாவோடு காரில் ஏறிவிட்டார். நான் மாமாவின் காரில் பின்சீட்டில் உட்கார்ந்தேன். பந்தும் என் மடியில் இருந்தது. இப்போது மட்டும் சமர்த்தாக இருந்தது சனியன்.

வீட்டுக்குப் போகிற டோல்வே சுங்கச் சாலையில் அப்போது சில்லறை போட ஒரு பிளாஸ்டிக் கூடை இருக்கும். கார் கண்ணாடியை இறக்கி அதில் காசை எறிந்தால் தடுப்புக் கட்டை மேலே எழும்பும். மாமா கூடைக்குப் பக்கத்தில் காரை நிறுத்தினார், கையில் காசை எடுத்தார், எறியவில்லை. பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, இன்னொரு தடவை இதே மாதிரி வந்துச்சுன்னு வெச்சுக்க. நாமதான் லீடிங். கையிலயே வெச்சுக்கலாமா, எறியலாமா?"

கையில் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் சரியான பதில் என்று எனக்கே தெரிந்திருந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் மாமா செய்தது தப்பு என்று ஆகிவிடும். இன்னொரு தடவை என்னிடம் பந்து எறிய மாட்டார் என்றும் ஆகிவிடும். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. மாமா நகரவில்லை, கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"த்ரோ பண்ணலாம் மாமா," என்றேன். அதிசயமாகத் தமிழில்.

"நெசமாத்தானே?"

"ம்."

மாமா காசைக் கூடையில் எறிந்தார். தடுப்பு மேலே எழும்பியது. போகிற வழியில் எனக்கு டோனட் வாங்கித் தந்தார், சாப்பாட்டுக்கு முன்னால் தின்றதை அம்மாவிடம் சொல்லாதே என்று வழக்கம்போலச் சொன்னார்.

அன்று சாயங்காலம் மாமா வீட்டில் விஷயத்தைச் சொன்னார். கலிஃபோர்னியாவில், பே ஏரியாவில் ஒரு சின்னக் கம்பெனி. மொத்தமே முப்பது பேர். பங்கும் தருவார்கள், அது பெரிதாக வளர்ந்தால் அவரும் வளர்வார். அந்த மாதக் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்ததும் கிளம்ப வேண்டும்.

அப்பா டிவியை அணைத்தார். அதை அவர் கையால் அணைத்து நான் பார்த்ததில்லை. மாமாவின் கிரீன் கார்டு விண்ணப்பம் அப்போதிருந்த கம்பெனி மூலமாக இரண்டு வருடமாக நகர்ந்துகொண்டிருந்தது. முதல் படியைத் தாண்டப்போகிற நேரம். வேலையை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்பாவுக்கு அது வந்துசேர ஏழு வருடம் ஆனது, ஏழு வருடமும் ஒரே கம்பெனியில், ஒரே நாற்காலியில், சம்பள உயர்வுகூடக் கேட்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் எட்டு மாசம் மாப்பிள்ளை," என்றார் அப்பா. "எதுவும் பண்ண வேண்டாம். சும்மா உக்காந்திருந்தாப் போதும்."

"உக்காந்தே இருக்க முடியலீங் மச்சான்," என்றார் மாமா.

அவ்வளவுதான் பேச்சு. அம்மா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். நான் மாமா போகிறாரே என்று அழுதேன். இதற்கும் காலையில் தோற்ற ஆட்டத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த கோடையில் அந்தச் சின்னக் கம்பெனியை மூடிவிட்டார்கள். விசா வேலையோடு கட்டியிருந்தது, வேலை போனால் நாட்டில் இருக்க முடியாது. மாமா கலிஃபோர்னியாவிலிருந்து இரண்டு நாள் காரோட்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு வாரம் லீவு போட்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தார். எல்லாக் கம்பெனியிலும் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். மாமா டாலஸிலிருந்து விமானம் ஏறினார். விமான நிலையத்தில் அப்பா, நான் அன்றைக்கே சொன்னேனே என்று சொல்லவில்லை. அதற்காக இன்றைக்கும் அவர்மேல் எனக்கு மரியாதை.

கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள், பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில், எந்தக் காரணமும் இல்லாமல் அந்த டோல்வே கூடை ஞாபகம் வந்தது. மாமா அன்று ஃபுட்பாலைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பந்தை விட்டதைச் சரிக்கட்ட ஒரு பத்து வயதுப் பிள்ளை சொன்ன பதிலை நம்பி மனிதர் ஊரைவிட்டே போய்விட்டார் என்று நினைத்தேன். நாலைந்து வருடம் அந்த நினைப்போடு திரிந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

கோயம்புத்தூரில் மாமா இப்போது நன்றாகத்தான் இருக்கிறார், அத்தை, இரண்டு பையன்கள், பம்ப்செட் கம்பெனியில் வேலை, கொஞ்சம் தொப்பை. என் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனபோது அவரிடம் கேட்டேவிட்டேன். நான் எறிய வேண்டாம் என்று சொல்லியிருந்தால் போகாமல் எங்களோடேயே இருந்திருப்பீர்களா என்று.

எதைக் கேட்கிறேன் என்றே மாமாவுக்குப் புரியவில்லை, டோல்வே கூடையை ஞாபகப்படுத்தினேன். பிறகு சிரித்தார்.

"அட, நீ வேற கண்ணு. அதுக்கு முந்தின நாளே, வெள்ளிக்கிழமையே புதுக் கம்பெனி லெட்டர்ல கையெழுத்துப் போட்டு ஃபேக்ஸ் அனுப்பிட்டேன். திங்கக்கிழமை பழைய ஆபீஸ்ல சொல்லணும். அதுக்கு முன்னாடி அக்காகிட்டயும் மச்சான்கிட்டயும் சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

இவ்வளவு வருடம் தூக்கிச் சுமந்தது இதற்கா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு அமெரிக்கா திரும்பியதும் கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். காரில் நடந்தது அதில் இல்லைதான். ஆனால் காரின் அந்தக் கண்ணாடியும் அதில் தெரிந்த இரண்டு கண்களும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. பந்து ஏற்கெனவே அவர் கையைவிட்டுப் போயிருந்தது. மாமா பயந்துபோயிருந்தார். வீட்டில் ஒரே ஒருத்தராவது சரி என்று சொல்ல மாட்டார்களா என்று, பின்னால் ஹாரன் அடிக்க அடிக்கக் காரை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். நானோ, ஆட்டம் தோற்றதற்கு வருத்தப்படுகிறார் போலிருக்கிறது, அடுத்த வருடம் கண்ணை மூடாமல் பிடித்துக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, மடியில் இருந்த பந்தில் ஒட்டியிருந்த புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.