பின்னாடி ஒழுகுற படகு

படகு ரிப்பேர் ஷெட்டுக்கு எந்தப் படகு வந்தாலும் வியாதி ஒண்ணுதான்: வெளிய இருக்க வேண்டிய தண்ணி உள்ள இருக்கும்.

மழைக்கு மாடி ஒழுகி, எங்கேர்ந்து ஒழுகுதுன்னு தெரியாம பக்கெட்டோட வீடு பூரா அலைஞ்சிருக்கீங்கல்ல? அப்ப நீங்களும் நம்ம ஆளுதான், உக்காருங்க.

தொண்ணூறுகளோட ஆரம்பம். பாலிடெக்னிக்கும் நானும் ரெண்டாவது வருஷத்துல ஒருத்தர ஒருத்தர் கைவிட்டோம். அப்புறம் சேர்ந்த மூணு வேலையும் மாசத்துக்கு ஒண்ணா போச்சு. நாலாவது, சேலையூர் தாண்டி தாஸ் அண்ணாவோட ஷெட். அப்பா ஒரே பேச்சா சொல்லிட்டாரு: "இதுவும் போச்சுன்னா பொட்டியக் கட்டு. வேலூர்ல உங்க மாமாவோட அரிசி மண்டில போய் உக்காரு." அரிசித் தூசி பட்டா எனக்கு நிக்காம தும்மல் வரும். அதனால இந்த வேலை நிக்கணும்.

வானம் பார்த்த படகு

கோவளம் பக்கம் பீச் வீடு வச்சிருந்தாரு வரதன் சார். அவர் படகுல இன்ஜின் உள்ள, தண்ணியத் தள்ளுற காத்தாடி வெளிய. ரெண்டையும் சேக்கறதுக்காக படகோட பின்சுவத்துல ஃபுட்பால் நுழையற அளவுக்கு ஓட்டை. அதுல தண்ணி வராம இருக்க, ஹார்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர். படகுல ஓட்ட போட்டா தண்ணி வரும்னு தெரிஞ்சே ஒருத்தன் போட்டிருக்கான், அவனெல்லாம் பாஸ் பண்ணிட்டான், நான்தான் பெயில்.

சார் படகு அரை மணி ஓடிச்சுன்னா கால மேல தூக்கி வச்சுதான் உக்காரணும். டிரெய்லர்ல ஏத்தி மேடவாக்கம் வழியா இழுத்துக்கிட்டு வந்தோம். தாம்பரத்துக்கு வர்ற வழியில ஒரு சிக்னல். பக்கத்துல நின்ன ஆட்டோக்காரர் படகப் பாத்தாரு, அப்புறம் தலைய வெளிய நீட்டி வானத்தப் பாத்தாரு.

"இன்னா மச்சான், ரேடியோல எதுனா சொன்னாங்களா?"

அக்காவோட பவுடர்

கசிவு கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. படகுக்குள்ள நல்லா துடைச்சுக் காயவச்சு, மூஞ்சிக்குப் போடற பவுடர அடிச்சிட்டு, தண்ணில எறக்கணும். தண்ணி வர்ற பாதைல பவுடர்ல கோடு விழும். வீட்லேர்ந்து அக்காவோட புது டப்பாவ சுட்டுக்கிட்டுப் போனேன். எனக்குக் கை தாராளம், டப்பா காலி.

கழிமுகத்துல எறக்கிப் பாத்தா, துருத்திக்கு நேர் கீழ அழகா ஒரு கோடு. கண்டுபிடிச்சிட்டோம்னு காலரத் தூக்கி விட்டுக்கிட்டு, புதுத் துருத்தி மாட்டி அனுப்பிட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை வரதன் சார் நனைஞ்ச பேண்ட்டோட ஷெட்டுக்கு வந்தாரு. மனுஷன் கோவமே படல.

"தண்ணி குறையல தம்பி. ஆனா வாசனை நல்லா இருக்கு."

கஸ்தூரி அக்கா குடம்

தாஸ் அண்ணா அன்னிக்கு சிரிக்கல. "தோ பாரு, இன்னொரு வாட்டி இந்த போட்ல தண்ணி வந்துச்சு, நீ அப்டியே வூட்டுக்குப் போய்க்கினே இரு." எனக்கு அங்கயே தும்மல் வந்துச்சு.

மிச்சம் இருந்தது தலைகீழ் வழி. தரைல நிக்கிற படகுக்குள்ள தண்ணிய ஊத்தி, வெளிய எங்க சொட்டுதுன்னு பாக்கணும். ஆனா அது லாரித் தண்ணி சீசன். தெருவே குடத்தோட நிக்குது, நான் ஷெட் கெணத்துத் தண்ணிய ஓஸ் போட்டு படகுல ரொப்பறேன். எதிர்வீட்டு கஸ்தூரி அக்கா குடத்தோட உள்ளயே வந்துட்டாங்க. "நாங்க ஒரு கொடத்துக்கு நாயா அலையறோம், நீ போட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு கீறியா?"

நான் விளக்கிக்கிட்டே இருக்கேன், அவங்க பழக்கதோஷத்துல குடத்த சொட்டுக்கு நேரா வச்சிட்டாங்க. குனிஞ்சு பாத்தேன். சொட்டு துருத்திலேர்ந்து வரல. பக்கத்துல கியர் கேபிளுக்குன்னு விரல் தடிமன்ல ஒரு குட்டி ரப்பர், அதுல ஒரு கீறல். இதுல வந்த தண்ணிதான் துருத்திக்குக் கீழ வழிஞ்சு கோடு போட்டிருக்கு. பெரிய ரப்பர மாத்தின மேதாவி இதத் தொடவேயில்ல. உடனே கழட்டலாம்னு ஸ்பேனர எடுத்தேன். அக்கா கையத் தட்டி விட்டாங்க.

"இரு, ரொம்பட்டும். அப்பாலிக்கா அடைச்சிக்கோ."

முதல் பொட்டு

குட்டி ரப்பர் மாத்தி முடிக்கவும் ஆயுத பூஜை வந்துச்சு. தாஸ் அண்ணா வாராவாரம் சர்ச்சுக்குப் போறவரு. ஆனா ஷெட் பூஜைல பொட்டு வைக்கிற வேலைய மட்டும் யாருக்கும் விட்டுத்தர மாட்டாரு. படகோட அடில, உள்ள சேர்ற தண்ணிய வடிக்க ஒரு ஓட்ட இருக்கு, அதுக்குப் பித்தளைல திருகு மூடி. "இது இல்லாம போட்டே இல்லடா"ன்னு அதக் கழட்டி, புளி போட்டுத் தேச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, ஸ்பேனருக்கெல்லாம் முன்னாடி சாமி படத்துக்கிட்ட வச்சாரு. பூஜைல வச்சத அன்னிக்குத் தொடக்கூடாது. தொடல. மறுநாள் காலைலயும் யாரும் தொடல.

விஜயதசமிக்குப் படகு தண்ணில எறங்குச்சு. ரெண்டு நிமிஷத்துல என் காலு நனைஞ்சுது. தாஸ் அண்ணா என்னப் பாத்தாரு, வேலூர் பஸ் ஹாரன் அடிக்கிற மாதிரி இருந்துச்சு. படுத்து, இன்ஜினுக்கு அடில கைய விட்டேன். தண்ணி ஊத்து மாதிரி வருது, சுத்திலும் திருகு மரை தட்டுப்படுது. மூடி இல்ல. கட்டைவிரல சொருகினேன், நின்னுச்சு. இன்னொரு கையால டார்ச் அடிச்சு மேல பாத்தா, துருத்தியும் குட்டி ரப்பரும் எலும்பாட்டம் காஞ்சு இருக்கு.

"அண்ணா, ரப்பர் ரெண்டும் டிரை. மூடி சாமிகிட்ட இருக்கு."

அண்ணா குனிஞ்சு தன் கையப் பாத்தாரு. அவர் நகத்துல இன்னும் சந்தனம் இருந்துச்சு. கரைக்கு இழுத்து டிரெய்லர்ல ஏத்தற வரைக்கும் நான் விரல எடுக்கல, அவரு வூட்டுக்குப் போன்னு வாயத் தொறக்கல. கரைல காத்துக்கிட்டிருந்த வரதன் சார் குனிஞ்சு என் விரலப் பாத்துட்டு அண்ணா பக்கம் திரும்பினாரு.

"தாஸ், இவன எங்கயும் அனுப்பிராதீங்க. மூடிய மறந்துட்டு வந்தாலும் விரல் கூடவே வருது."

ஒரு ஓட்டைய அடைச்சாச்சுன்னு நாலு பேர நம்ப வைக்க இன்னொரு ஓட்டையத் தொறந்து விட வேண்டியிருக்கு, அதாங்க எங்க தொழில்.