அம்சவேணி எடை போடாத பொட்டலம்

12.03.2019 — ரூ. 310
09.08.2021 — ரூ. 1,140
16.01.2023 — ரூ. 640
27.05.2024 — ரூ. 290

ஒரே பொருளுக்கு ஒரே ஆள் கொடுத்த விலைகள் இவை. பொருள், 75 ஆம்பியர் ஐ.ஜி.பி.டி. மூன்று கால் வைத்த சின்னக் கறுப்புத் துண்டு. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை விநாடிக்கு எட்டாயிரம் முறை விட்டு விட்டு நிறுத்தும். ஆள், சித்தூர் அம்சவேணி, வயது 41.

குடிபாலாவில் கூலி வேலை செய்தவர்களின் மகள். ஐ.டி.ஐ. முடித்து, மோட்டாரின் வேகத்தை அடக்கும் டிரைவ் பெட்டிகளைப் பழுது பார்க்கக் கடை வைத்துப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. 2021 தட்டுப்பாட்டில் விலை எகிறியதும் போலிகள் வரத் தொடங்கின. அன்று முதல் ஒவ்வொரு துண்டையும் பக்கத்து நகைக்கடைத் தராசில் எடை போட்டுத்தான் பொருத்துவாள். அசல் 6.1 கிராம்.

"இன்னாக்கா, இன்னிக்கு எத்தினி சவரன்?" என்பான் நகைக்கடை ஹரிபாபு.

"உன் சரக்கைவிட சுத்தம்டா, தராசைத் தள்ளு."

எடை போடாமல் விட்டது ஒரே ஒருவரின் பொட்டலங்களை மட்டும்தான். திருப்பதி வியாபாரி ஜெயச்சந்திரன் ஒவ்வொரு பொட்டலத்திலும் திருச்சானூர்க் குங்குமம் வைத்து அனுப்புவார். அதை நெற்றியில் இட்டுக்கொண்ட கையால் அதே பொட்டலத்தைச் சந்தேகப்பட அவளுக்கு மனம் வரவில்லை.

பங்காருபாளையத்து மாங்கூழ் தொழிற்சாலையில் அவள் பழுது பார்த்த டிரைவ் 29.05.2024 காலை 10.40-க்கு வெடித்தது. மறுபடி பொருத்தியது 02.06.2024 பிற்பகல் 3.15-க்கு வெடித்தது. மறுநாள் மேனேஜர் கிரண்குமாரின் கடிதம் வந்தது: இன்னொரு முறை வெடித்தால் இனி வர வேண்டாம். தொழிற்சாலையின் பதினோரு டிரைவ்களும் அவள் கையில்தான் இருந்தன. கடையே அதை நம்பித்தான் நடந்தது.

அம்சவேணி ஜெயச்சந்திரனின் பொட்டலத்தில் மிச்சமிருந்த துண்டுகளைத் தராசில் வைத்தாள். ஒவ்வொன்றும் 5.4 கிராம்.

அடுத்த நாள் ஜெயச்சந்திரனின் திருப்பதிக் கடையில், நாலு பேர் பார்க்க, நகப்பூச்சு அழிக்கும் பாட்டிலைத் திறந்து உட்கார்ந்தாள்.

"கல்யாணத்துக்குப் போய்க்கினு இருக்கேண்ணா. கலரை அழிச்சிக்கினே பேசறேன். இருவது பீஸ் எடு."

எடுத்து வைத்தார். நனைந்த பஞ்சு 'தவறிப்போய்', ஜெர்மனி என்று அச்சிட்டிருந்த ஒரு துண்டின் மேல் உரசியது.

"ஐயோ அண்ணா, ஜெர்மனி பஞ்சோட வந்துடுச்சே!"

புத்தலப்பட்டிலிருந்து வந்திருந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் எட்டிப் பார்த்தார். "அடியில இன்னாம்மா எழுதிக்கீது?"

"நாப்பது. எழுபத்தஞ்சுன்னு வேஷம் போட்டுக்கினு வந்துக்கீது."

"அந்தத் தண்ணி பட்டா எந்த எழுத்தும் போவும்மா!" என்றார் ஜெயச்சந்திரன்.

அவள் பையிலிருந்து 2023-இல் வாங்கிய அசலை எடுத்துத் தேய்த்தாள். எழுத்து அசையவில்லை. கடையே சிரித்தது.

"சாமி சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. பாம்பேகாரன் ஏமாத்திட்டான்."

"சாமியை நடுவுல இஸ்துக்கினு வராதண்ணா. எழுத்துல குடு."

துண்டுகள் போலி என்று கையெழுத்தும் ரப்பர் முத்திரையும் வைத்துக் கொடுத்தார். மறுநாளே அசல் துண்டுகளைப் பொருத்தி டிரைவை ஓட விட்டு, அந்தத் தாளின் நகலைத் தொழிற்சாலையில் சேர்த்தாள்.

டிரைவ் ஒன்பது நாள் நிற்காமல் ஓடிய பிறகு கிரண்குமாரின் கடைசிக் கடிதம் வந்தது. மூன்றே வரி. முதல் வரி எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றது. இரண்டாவது, பதினோரு டிரைவ்களையும் இன்னும் ஒரு வருடத்துக்கு அவளிடமே ஒப்படைத்தது. மூன்றாவது, இரண்டாம் வெடிப்பில் துள்ளி விழுந்து உடைந்த மேனேஜரின் மூக்குக்கண்ணாடி விஷயமாக ஜெயச்சந்திரனின் முழு முகவரியைக் கேட்டது. கடிதம் வந்து சேர்ந்த நாள் 14.06.2024, வெள்ளிக்கிழமை.