சத்தம் அடைத்த கார்

என் வீட்டுக்காரரோடு பேச வேண்டும் என்பதற்காக நான் காருக்கு ரப்பர் ஷீட் ஒட்டினேன். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஒட்டுகிறபோது எனக்கும் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது.

கல்யாணமாகி நான் சிவகாசிக்கு வந்தபோது அது கூட்டுக் குடும்பம். மாமனார், கொழுந்தன்மார், ஓரகத்திகள் என்று எந்நேரமும் ஆள் நடமாடும் வீடு. பெரியவர்கள் முன்னால் புருஷனோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுவது அங்கே வழக்கமில்லை. சாப்பிட வாங்க என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரு பட்டாசுக் கம்பெனியில் விற்பனை ஏஜென்ட் வேலை. சீசன் நன்றாக ஓடிய ஒரு வருஷம் இந்தச் சின்னக் காரை வாங்கினார். எனக்கு ஒரு புருஷன் இருப்பதே அதற்கப்புறம்தான் தெரிந்தது என்று சொல்லலாம். விருதுநகருக்குப் பருப்பு வாங்கப் போனாலும் சரி, சாத்தூரில் துக்கம் கேட்கப் போனாலும் சரி, கார்க் கதவைச் சாத்தியதும் மனுஷன் வாயைத் திறந்துவிடுவார். சில ஆம்பளைகளுக்கு முகத்தைப் பார்த்துப் பேச வராது. கை ஸ்டியரிங்கிலும் கண் ரோட்டிலும் இருந்தால்தான் மனசு அவிழும். மகளுக்கு மாப்பிள்ளை முடிவு செய்தது, பங்காளிச் சண்டையில் விட்டுக்கொடுத்தது, எல்லாமே அந்த முன் சீட்டுகளில்தான் நடந்தது.

அந்தப் பேச்சுத்தான் போய்விட்டது.

அவர் காது போன கதையைச் சொல்ல வேண்டும். சீசனுக்கு முன்னால் வெளியூர் வியாபாரிகள் ஆர்டர் கொடுக்க வருவார்கள். பெட்டியைப் பார்த்து யாரும் ஆர்டர் போடுவதில்லை; சத்தத்தைக் கேட்டுத்தான் போடுவார்கள். விஸ்வநத்தம் பக்கம் ஒரு வெட்டவெளியில் சாம்பிள் வெடிகளை வரிசையாக வைத்து இவர் பத்த வைப்பார். வியாபாரி காதைப் பொத்திக்கொள்வார். இவர் பொத்த மாட்டார். விற்கிறவனே காதைப் பொத்தினால் வாங்க வந்தவன் என்ன நினைப்பான் என்பது இவர் கொள்கை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க நிற்கிறவர் மாதிரிச் சிரித்த முகமாக நிற்பாராம். "இது சின்னதுங்க, அடுத்ததக் கேளுங்க" என்பாராம். இவர் மட்டும் இல்லை, இவர் வயது ஏஜென்டுகள் பலரும் அப்படித்தான் நின்றார்கள். பொத்தினவனைக் கேலி செய்வார்கள். அந்த வீரத்துக்கு ஒருத்தரும் மாலை போடவில்லை. காதுதான் போனது.

ஒரே நாளில் போகவில்லை. முதலில் காரில் நான் எதைச் சொன்னாலும் "என்னது?" என்பார். இரண்டாம் தடவை சொல்வேன். மூன்றாம் தடவை எனக்குக் கோபம் வந்துவிடும். அப்புறம் கேட்காமலேயே "ம்" போடக் கற்றுக்கொண்டார். "ராத்திரிக்கு இட்டிலியா தோசையா?" என்றால் "ம்" என்பார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். அதற்கும் "ம்" என்றார். பிறகு "ம்" கூட நின்றது.

டாக்டரிடம் போவோம் என்றால் "காதுக்கு ஒண்ணும் இல்ல" என்று எழுந்து போய்விடுவார். வீட்டில் டிவி எந்நேரமும் அலறும். படுக்கும்போது ஃபேனைக் குறைத்தாலே எழுந்து உட்காருவார். சாயங்காலமானால் வேலை இருக்கோ இல்லையோ, காரை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவார். சாத்தூர் நாலுவழிச் சாலை வரை போய்விட்டு வருவார். "எங்க போயிட்டு வாரீக?" என்றால் "சும்மா" என்பார். வீட்டில் இருக்கப் பிடிக்காமல் போகிறார், அதாவது என்னைப் பிடிக்காமல் போகிறார் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். பேத்தி எடுத்த வயசில் இதென்ன நினைப்பு என்று கேட்கலாம். எந்த வயசிலும் அது வலிக்கத்தான் செய்கிறது.

உட்கார வைத்துக் கத்திக் கேட்டிருக்கலாமே என்றால், மாடியில் அவர் அண்ணன் குடும்பம் இருக்கிறது. உங்களுக்கு என் மேல் பிரியம் இருக்கா என்று ஒருத்தி தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்த முடியுமா?

போன கோடையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மருமகனின் புதுக் காரில் கடைத்தெருவுக்குப் போனோம். பாட்டு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் இருந்த நான் சாதாரணமாக, "இங்கன வெயிலே தெரியல" என்றேன். முன்னாலிருந்து இவர், "ஆமா, நம்ம ஊர் வெயில் வருமா" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவர் காது முழுசாகப் போகவில்லை, எங்கள் கார்தான் தகர டப்பா மாதிரி ஆடி எங்கள் பேச்சை முழுங்குகிறது என்று அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டேன்.

புதுக் கார் வாங்க வசதியில்லை. இருக்கிற காரின் சத்தத்தை அடைக்க முடியுமா என்று விசாரித்து, விருதுநகரில் சீட் கவர், ஸ்பீக்கர் மாட்டுகிற ஒரு கடைக்குப் போனேன்.

"வாங்கக்கா, ஸ்பீக்கரா பாக்கீக?"

"சத்தம் கொறையணும்."

கடைக்காரர் சிரித்தார். "எல்லாரும் கூட்டணும்னுல்ல வருவாக!"

இரண்டு தினுசு காட்டினார். ஒன்று, ஒரு பக்கம் வெள்ளித் தாளும் மறுபக்கம் கறுத்த பசையுமாக, கனமான ரப்பர் ஷீட். கதவுத் தகரத்தில் ஒட்டினால் தகரம் அதிராது. இன்னொன்று பஞ்சு மாதிரி ஃபோம். மிச்சச் சத்தத்தை அது குடித்துவிடுமாம். கார் முழுக்க ஒட்ட விலை கேட்டேன். கேட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். எங்கள் காரை விற்றால் அந்த ஷீட்டை வாங்கலாம்.

ஆனால் நான் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவள். விலை படியவில்லை என்றால் வேறு சரக்குத் தேடுவேனே தவிர விட மாட்டேன். ஓரகத்தி மகன் முட்டை அட்டையை ஒட்டச் சொன்னான். "கார்ல கோழி வளக்கவாலே?" என்று கேட்டு அனுப்பினேன். இரும்புக் கடையில், மொட்டை மாடி ஒழுகலுக்கு ஒட்டுகிற தார் ஷீட் இருந்தது. பார்வைக்கு அதே வெள்ளித் தாள், அதே கறுப்பு, விலை பாதிகூட இல்லை. ஒரு துண்டு வாங்கிவந்து பழைய முறுக்கு டின் மூடியில் ஒட்டி, மத்தியான வெயிலில் மாடிச் சுவரில் சாய்த்து வைத்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால், இளகிக் கீழே வழிந்து, ரோடு போடுகிற நாற்றம். எங்கள் ஊர் வெயிலில் அதைக் கதவுக்குள் வைத்தால் ஏறி உட்கார முடியாது. தள்ளிவிட்டேன்.

கடைசியில் கை கொடுத்தவன் என் தம்பி. காலண்டர் அச்சடிக்கும் பிரஸ் வைத்திருக்கிறான். "அக்கா, மிஷின்ல மாத்துன பழைய பிளாங்கெட் கெடக்கு, வந்து அள்ளிட்டுப் போ" என்றான். அச்சு மிஷின் உருளையைச் சுற்றிப் போர்த்துகிற தடித்த ரப்பர் துணி அது. தேய்ந்ததும் கழற்றிப் போட்டுவிடுவார்கள். மையும் மண்ணெண்ணெயுமாக நாறியது. சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, வெயிலில் பல நாள் காயப்போட்டு எடுத்தேன். தரைக்கு அது. மேலே கம்பளம் மாதிரி ஃபெல்ட் துணி. கதவுகளுக்கு மட்டும் நல்ல ரப்பர் ஷீட், அதையும் முழுக்க இல்லை. கதவை விரலால் தட்டிப் பார்த்தேன். ஓரத்தில் திடமாக இருந்தது, நடுவில்தான் "டங்" என்றது. அந்த நடுவில் மட்டும் ஒட்டினால் போதும் என்று கடைக்காரரும் ஒத்துக்கொண்டார். ஒட்டியபின் தட்டினால், மாவு மூட்டையைத் தட்டின மாதிரி "தொப்" என்றது. கதவு ஓரத்து ரப்பரும் புதுசு போட்டோம். முதல் விலையில் கால்வாசிக்குள் எல்லாம் முடிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒட்டின அன்றைக்கெல்லாம் என் வீட்டுக்காரர் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்லாருக்கா?" என்று சைகையில் கேட்டேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒனக்குப் பிடிச்சிருந்தாச் சரி" என்றார்.

கிளம்பினோம். கதவைச் சாத்தியதும் ஊர் அப்படியே வெளியே நின்றுவிட்டது. பஸ் ஒன்று ஒட்டி உரசிப் போனது, எங்கோ போகிற மாதிரி இருந்தது. எனக்கு முதலிரவுப் பெண் மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. என்ன பேசுவது என்று தெரியாமல், மெதுவாக, "மேகம் போட்டிருக்குல்ல?" என்றேன்.

"ஆமா. பெய்யாது. சும்மா பாவலா காட்டுது" என்றார்.

கேட்டுவிட்டது! அதற்கப்புறம் நான் நிறுத்தவில்லை. பேத்தி தாத்தா போட்டோவைப் பார்த்து என்ன சொன்னாள், என் தம்பி எந்த மூஞ்சியோடு பிளாங்கெட்டைத் தூக்கிக் கொடுத்தான், எல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார். பதில் சொன்னார். அவராகவே ஒரு வியாபாரியின் பழைய கூத்து ஒன்றை ஆரம்பித்தார். ஆமத்தூர் வரை நாங்கள் பழைய ஆட்களாக இருந்தோம். அந்தக் கொஞ்ச தூரம் எனக்குக் கிடைத்தது. அதற்காக நான் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை.

ஆமத்தூர் தாண்டி அவர் பேச்சு பாதியில் நின்றது. முகமெல்லாம் வேர்த்திருந்தது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். நெஞ்சுவலியோ என்று நான் பதறினேன். அவர் இரண்டு உள்ளங்கைகளாலும் காதுகளை இறுக்கிப் பொத்திக்கொண்டார். அத்தனை வெடிக்கும் பொத்தாத மனுஷன், ஒரு சத்தமும் இல்லாத காருக்குள் உட்கார்ந்து பொத்திக்கொண்டிருந்தார்.

"என்னங்க செய்யுது?" என்று தோளை உலுக்கினேன்.

கையை எடுத்துவிட்டு, "காதுக்குள்ள சத்தம்" என்றார்.

"என்ன சத்தம்? எனக்கு ஒண்ணும் கேக்கலயே."

"ஒனக்குக் கேக்காது" என்றார். "திரியப் பத்த வச்சா சீறும்ல, அந்தச் சத்தம். விடிஞ்சா அடஞ்சா அதேதான். சீறிக்கிட்டே இருக்கு. வெடிக்கவே மாட்டேங்குது."

எத்தனை நாளாக என்று கேட்டேன். பேத்தி பிறக்கும் முன்பிருந்தே என்றார். பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீயும் தூங்க மாட்ட. அம்புட்டுதான் நடக்கும்." ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வெளிய எரைச்சல் இருந்தா உள்ள அமுங்கும். டிவி, ஃபேனு. இந்த வண்டிதான் நல்லா அமுக்கும். ஆட்டமும் கடகடப்புமா ஓடுச்சுன்னா ஒண்ணுமே கேக்காது. அதான் சாயங்காலம் எடுத்துட்டுப் போவேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் குரங்குகூடப் பிடிக்கவில்லை. அவர் ஒதுங்கி உட்கார்ந்திருந்த ஒரே நிழலைத் தேடிப்போய், பேரம் பேசி, என் கையாலேயே வெட்டிப்போட்டிருந்தேன்.

"ஷீட் ஒட்டும்போது பாத்துக்கிட்டுத்தான இருந்தீக? வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீ ஒவ்வொரு கதவாத் தட்டித் தட்டிப் பாத்த" என்றார். "மொகம் அம்புட்டுச் சந்தோசமா இருந்துச்சு. எப்பிடிச் சொல்ல?"

நான் என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன். பின்னால் எக்கி அந்த இரண்டையும் இறக்கினேன். அவர் பக்கத்தை அவர் இறக்கினார். லாரி இரைச்சலும் புழுதியும் உள்ளே வந்தது. அவர் தோள் மெதுவாகத் தளர்ந்தது. வீடு வரை நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினாலும் கேட்டிருக்காது.

மறுநாளே ஷீட்டை உரிக்கச் சொல்லிக் கடைக்குப் போனேன். ஒட்டினது ஒட்டினதுதான், சுரண்டினால் தகரம் பாழாகும் என்றார் கடைக்காரர். மதுரையில் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன், இந்தத் தடவை மறுக்காமல் வந்தார். போன நரம்பு திரும்ப வராது, சீறலையும் அடியோடு நிறுத்த முடியாது, காதில் மிஷின் வைத்தால் கொஞ்சம் தேவலாம், பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்றார் டாக்டர். மிஷினை இவர் வைப்பதும் கழற்றுவதுமாக இருக்கிறார். காரில் வைப்பதில்லை.

இப்போது சாயங்காலம் நானும் கூடப் போகிறேன். நாலு கண்ணாடியும் இறங்கியிருக்கும். சாத்தூர் ரோட்டில் கனரக வண்டிகளுக்கு நடுவில் அவர் ஓட்டுவார். எனக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கும். மகள் பேசியது இருக்கும், நான் அவர் பிரியத்தைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்பு இருக்கும். காற்று அடிக்க அடிக்க எல்லாவற்றையும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் முகத்தில் அந்த நேரம் ஒரு நிம்மதி வரும். அதைப் பார்ப்பேன்.

போன வாரம் அப்படிப் போகும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பிக்கொண்டு சேலைத் தலைப்பால் துடைத்தேன். அவர் பார்த்துவிட்டார். வண்டியை ஓரங்கட்டினார்.

"கண்ணுல தூசி விழுந்துருச்சா?" என்றார் சத்தமாக. "இரு, கண்ணாடிய ஏத்திருவோம்."

வேண்டாம் என்றேன். அது அவருக்குக் கேட்கவில்லை. அவர் பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை ஏற்ற ஆரம்பித்தார். நான் எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.